அண்ணாந்து பார்க்கும் மம்தூஹ்

சிவப்பு விளக்கு விழுந்ததும் மம்தூஹ் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங் மேல் நெஞ்சைச் சாய்த்து, முன்கண்ணாடி வழியாக வானத்தை அண்ணாந்து பார்ப்பார். பச்சை விழுந்த பிறகும் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடிக்கும். பின்சீட்டில் மடியில் புதினாக் கட்டோடு உட்கார்ந்திருக்கிற பெண்மணி, "அபூ ஷாஹிர், சிக்னல் கீழதான் இருக்கு, வானத்துல இல்ல" என்பாள். "ரெண்டு கறுப்புப் புறா, ஒரு வெள்ளை. எதிர்க்குன்னு அஷ்ரஃபிய்யா ஆளுங்களோடது. வெள்ளை களைச்சுப் போயிருக்கு" என்று அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே கியரைப் போடுவார்.

ஜோர்டானின் தலைநகர் அம்மானில், கீழ்ச்சந்தையிலிருந்து நதீஃப் குன்றுக்கு ஏறி இறங்குகிற வெள்ளை சர்வீஸ் டாக்ஸிகளில் அவருடையதும் ஒன்று. முன்னால் ஒருவர், பின்னால் மூவர். ஏறுகிறவர்கள் மூத்த மகனின் பெயரால் அவரை அபூ ஷாஹிர், ஷாஹிரின் அப்பா, என்பார்கள். யாராவது பணப்பையை மறந்து வைத்துவிட்டுப் போனால், அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு வீடு வீடாக விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒருமுறை ஒரு கிழவரின் பல்செட்டைக்கூட அப்படிக் கொடுத்திருக்கிறார். மத்தியானத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வண்டியைத் தெருமுனையில் போட்டுவிட்டு மாடிக்கு ஏறிவிடுவார். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். "அவரு வேலைக்குப் போயிட்டாரு" என்று நவால் கீழிருந்து சொல்லிவிடுவாள். நவால் அவருடைய மனைவி. டாக்ஸி அவருக்குப் பொழுதுபோக்கு, புறாதான் வேலை என்பது அவள் கண்டுபிடித்த உண்மை.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் நவால் கேமராவைப் பார்க்கிறாள், இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் கேமராவைப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்க்கிறார். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். முதல் வருஷங்களில் நவாலுக்கு அது அவமானமாக இருந்தது. இப்போது அவளே விருந்தாளிகளிடம் காட்டுகிறாள். "அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்பாள்.

அந்தப் படத்தில் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, அவருடைய முகவாயைக் கீழே திருப்புவதற்காக இன்னொரு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறவர் ஜவ்தத். எதிர்வீட்டுக்காரர், திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருப்பவர். அந்தக் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அதற்கு முந்தின வருஷம் ஜவ்தத்தின் கல்யாணத்துக்குச் சாட்சி மம்தூஹ். நம் பிள்ளைகளின் கல்யாணங்களுக்கும் நாமே சாட்சி என்று இருவரும் அரைக்கால் சட்டை போட்டிருந்த வயதிலேயே பேசி வைத்துக்கொண்டார்களாம். யாரைக் கட்டுவோம் என்று தெரியாத வயதில் சாட்சியை மட்டும் முடிவு செய்துவிட்டார்கள்.

புறாக்களும் அந்த வயதில் வந்தவைதான். இருவரும் சேர்ந்து ஒரு ஜோடி வாங்கி ஜவ்தத் வீட்டு மாடியில் வளர்த்தார்கள். ஜோடி பெருகிக் கூட்டமானபோது ஜவ்தத்துக்கு இழுப்பு வந்துவிட்டது. இறகுத் தூசு ஆகாது, புறாக் கூண்டுப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று கூண்டோடு புறாக்கள் தெருவைத் தாண்டி இந்த மாடிக்கு வந்தன. ஆனால் பாதி இன்னமும் ஜவ்தத்துடையதுதான். எந்தப் பாதி என்று இருவரும் பிரித்ததில்லை.

சாயங்காலம் புறாக்களைப் பறக்கவிடும் நேரத்தில் ஜவ்தத் தெருவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மம்தூஹ் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே குரல் கொடுப்பார்.

"டேய், கழுத்துச் செவலை இன்னிக்கு முன்னாடி பறக்குதுடா!"

"தெரியுது, எனக்கென்ன கண்ணு இல்லையா? நெஞ்சுதான கோளாறு!"

"போன மாசம் இட்ட முட்டை நேத்து பொரிச்சிருச்சு!"

"யாரை மாதிரி இருக்கு?"

"உன்னை மாதிரிதான். முடியே இல்ல!"

தெருவே இதைக் கேட்கும். புறாக் கூண்டுக்கு வெயில் படாமல் இருக்க ஜவ்தத் தைத்துக் கொடுத்த திரைகள் கரும்சிவப்பு வெல்வெட், கீழே பொன் குஞ்சம் வைத்தவை. ஏதோ கல்யாண மண்டபத்துக்குத் தைத்து அளவு தப்பிப்போன துணி. அந்தத் திரையை விலக்கிக்கொண்டு புறாக்கள் வெளியே வருவதைப் பார்த்தால் மேடைக்கு வருகிற மாதிரிதான் இருக்கும்.

இத்தனை நல்ல மனிதருக்கு ஒரு குறை. புறா விஷயத்தில் மட்டும் மம்தூஹ் வாய் கூசாமல் பொய் சொல்வார். அவர் மட்டுமல்ல, அந்தக் குன்றிலும் எதிர்க்குன்றிலும் உள்ள புறாக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அடுத்தவன் புறா வழி தவறி உன் கூட்டத்தோடு சேர்ந்து உன் மாடியில் இறங்கிவிட்டால் அது உன்னுடையது. உரியவன் மூச்சு வாங்கப் படியேறி வந்து கேட்பான். "இங்க வரவே இல்லையே" என்று சொல்ல வேண்டும். சத்தியம் கேட்டால் செய்ய வேண்டும். கேட்கிறவனுக்கும் அது பொய் என்று தெரியும். நாளைக்கு அவனும் அதே பொய்யைத்தான் சொல்வான். மம்தூஹ் இறந்துபோன தன் தாயின் கபுர் மேல் சத்தியம் செய்வார். "உங்கம்மா அங்க நிம்மதியா படுக்க வேணாமா?" என்று நவால் கேட்டால், "அம்மாவுக்குத் தெரியும் இது புறா விஷயம்னு" என்பார்.

அதனால்தான் புறாக்காரன் சாட்சி செல்லாது என்று அந்த ஊரில் ஒரு பேச்சு. பழைய காலத்தில் நீதி சொல்கிற காழிகள் புறாக்காரனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றமாட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். காபிக்கடையில் மம்தூஹ் மணி சொன்னால்கூட நாலு பேர் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். லுஜைனுக்குக் கல்யாணம் பேசுகிற வரைக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

லுஜைன் ஜவ்தத்தின் ஒரே மகள். மம்தூஹுக்கு மூன்றும் பையன்கள். மூத்தவர்கள் இருவரின் கல்யாணத்துக்கும் ஜவ்தத் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்றாமவனுக்கும் அவர்தான் போடப் போகிறார். மம்தூஹ் திருப்பிப் போட இருப்பது இந்த ஒரு கையெழுத்துதான். மாப்பிள்ளை குதைபா, ஸல்த் ஊர்க்காரன், நல்ல பையன். அவனுடைய அப்பா ஹாஜி ரிஃப்அத், சந்தையில் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதிக்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆப்பிள் வாங்கினால்கூடக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். சாட்சி யார் என்று விசாரித்திருக்கிறார். புறாக்காரன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

லுஜைன் ஒரு நாள் நவாலின் சமையலறைக்கு வந்து, கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடமிருந்து கத்தியை வாங்கித் தானே நறுக்க ஆரம்பித்தாள். நறுக்கிக்கொண்டே அழுதாள்.

"வெங்காயம்கூட இல்லையேடி, எதுக்கு அழற?"

"சித்தி, மாமனார் வேற சாட்சி பாருங்கன்னு சொல்லிட்டாரு. சித்தப்பா வேணாமாம். அப்பா, அவன் இல்லன்னா கல்யாணமே இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. ரெண்டு பேருமே இறங்கி வரமாட்டேங்கறாங்க."

அன்று சாயங்காலம் மம்தூஹ் மாடிக்குப் போகவில்லை. தெருவில் இறங்கி ஜவ்தத்தின் நாற்காலி முன்னால் நின்றார். நவால் மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் சுவரோரம் நின்றாள். புறாக்கள் வெல்வெட் திரைக்குப் பின்னால் முனகிக்கொண்டிருந்தன.

"நான் விலகிக்கறேன்டா."

"விலகு. நானும் விலகிக்கறேன். பொண்ணோட அப்பன் இல்லாம நடத்திக்கங்க."

"சரி, புறாவை வித்துடறேன். வெள்ளிக்கிழமை சந்தையில எல்லாத்தையும் வித்துட்டு, இனி வளர்க்கமாட்டேன்னு தௌபா பண்ணிடறேன். அப்புறம் யாரும் என்னைப் புறாக்காரன்னு சொல்ல முடியாதில்ல?"

ஜவ்தத்துக்குக் கோபத்தில் இழுப்பு வந்துவிட்டது. பையிலிருந்து மருந்தை எடுத்து வாயில் இரண்டு தரம் அடித்துக்கொண்டார். "பாதி என்னோடது. எந்தப் பாதிய விப்ப? தலையையா, வாலையா?"

மம்தூஹ் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

"அந்தாளுகிட்ட என்னதான்டா சொன்ன?"

"மம்தூஹ் பொய் சொல்லமாட்டான்னு சொன்னேன்."

மாடியில் நவால் சிரிப்பு வெளியே வராமல் ஈரத் தலையணை உறையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஜவ்தத் வாழ்நாளில் சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்றார் மம்தூஹ் மெதுவாக.

"வேற என்ன சொல்லச் சொல்ற? வாயில வந்துச்சு. சொல்லிட்டேன். இனி நீ பார்த்துக்க."

இரண்டு நாள் கழித்து ஹாஜி ரிஃப்அத் தானே வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல், புறா பறக்கவிடும் நேரத்தில். கீழே உட்காரச் சொன்னார்கள். "இல்ல, அவரு இருக்கற இடத்துக்கே போறேன்" என்று படியேறினார். நவால் அடுப்பில் காபியை வைத்தாள். முந்தின நாள் சாயங்காலம்தான் கறிக்கடை அபூ ஸக்ரின் சாம்பல்நிறப் புறா, காலில் செம்பு வளையத்தோடு, மம்தூஹின் கூட்டத்தில் சேர்ந்து வந்து இறங்கியிருந்தது. அந்தக் குன்றில் அதற்கு இணையில்லை என்று எல்லோரும் சொல்கிற புறா. மம்தூஹ் அதை உள்கூண்டில் போட்டுவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு தரம் வந்து நவாலிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஏலக்காய் போட்ட கசப்புக் காபியைக் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில் ஊற்றி நவால் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹாஜி அதை வாங்கினார். குடிக்கவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த தீவனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டார்.

நவால் அங்கேயே நின்றுவிட்டாள். விருந்தாளி காபியைக் கீழே வைத்தால், ஒன்றைக் கேட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்காரர் "குடிங்க, நீங்க வந்த காரியம் ஆச்சு" என்று சொல்கிறவரை அவர் தொடமாட்டார். சொல்லாமல் விட்டால் வீட்டுக்காரருக்குத்தான் இழுக்கு. சொல்லிவிட்டால் சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது. ஹாஜி எதைக் கேட்டு வந்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

"அபூ ஷாஹிர், உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார் ஹாஜி. "ஆனா என் மகனோட கல்யாணப் பத்திரத்துல இருக்கற பேரைப் பார்த்து நாளைக்கு ஒருத்தன் சிரிக்கக் கூடாது. உங்க நண்பர் கேக்கமாட்டேங்கறாரு. நீங்களா விலகிட்டா அவரு ஒண்ணும் செய்ய முடியாது."

மம்தூஹ் கோப்பையைப் பார்த்தார். பிறகு தெருவில் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். ஜவ்தத் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. தலைக்கு மேலே அவருடைய புறாக்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை என்பதை நவால் கவனித்தாள். அவர் வாயைத் திறந்தார். 'குடிங்க' என்பதன் முதல் எழுத்துகூட உதட்டுக்கு வந்துவிட்டது.

"மம்தூஹ்!" என்று மாடிப்படியிலிருந்து ஒரு குரல். அபூ ஸக்ர் கறிக்கடை மேலங்கியோடு மூச்சிரைக்க வந்து நின்றார். பெரியவர் ஒருவர் இருப்பதைப் பார்த்து அவசரமாக ஒரு ஸலாம் சொல்லிவிட்டு, "என் சாம்பல் இங்க வந்துச்சா? வரலன்னு உங்கம்மா கபுர் மேல சத்தியம் பண்ணு, நான் போயிடறேன்" என்றார்.

ஹாஜி ரிஃப்அத் தலையைத் திருப்பி மம்தூஹைப் பார்த்தார். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தராசைப் பார்க்கிற பார்வை.

"வந்துச்சு" என்றார் மம்தூஹ்.

"அப்ப சரி, நான் கிளம்..." அபூ ஸக்ர் படியில் வைத்த காலை எடுத்தார். "என்ன சொன்ன?"

"வந்துச்சு. உள்கூண்டுல இருக்கு."

அபூ ஸக்ர் கண்ணைச் சுருக்கினார். "ஓஹோ! இங்க இருக்குன்னு சொன்னா நான் இங்கயே குடைஞ்சிட்டு இருப்பேன், அந்தப் பக்கம் உன் பையன் அதைச் சந்தைக்குக் கொண்டுபோயிடுவான். என்னைப் பச்சப்புள்ளைன்னு நெனச்சியா? இங்க இல்லன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு!" அவர் திரும்பி தடதடவென்று படியிறங்க ஆரம்பித்தார்.

"யோவ், இருக்குய்யா! நில்லுய்யா!" மம்தூஹ் வெல்வெட் திரையை விலக்கி உள்ளே கைவிட்டு, சாம்பல்புறாவை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். படித் திருப்பத்தில் பிடித்து நிறுத்தி அவர் கையில் திணித்தார். அபூ ஸக்ர் செம்பு வளையத்தைப் பார்த்தார். இறக்கையை விரித்துப் பார்த்தார். பிறகு மம்தூஹின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"உம் ஷாஹிர், இவரை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மேலே நின்ற நவாலைப் பார்த்துக் கத்தினார். "நாளைக்கு உன்னோடது என் மாடியில இறங்கினா நான் தரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"தராத."

"சத்தியம் பண்ணித்தான் இல்லன்னு சொல்லுவேன்."

"பண்ணிக்க."

மம்தூஹ் மேலே வந்தபோது அவர் சட்டையில் சாம்பல்நிற இறகு ஒன்று ஒட்டியிருந்தது. தீவனப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நான் இங்க இருந்ததுனாலதான சொன்னீங்க?" என்றார் ஹாஜி. "நான் போற நேரத்துல எல்லாக் கடைக்காரனும் தராசை நேராத்தான் வச்சிருப்பான்."

"ஆமா ஹாஜி. நீங்க இங்க இருந்திருக்கலன்னா, வரலன்னுதான் சொல்லியிருப்பேன். எங்கம்மா மேல சத்தியமும் பண்ணியிருப்பேன்."

நவால் கண்ணை மூடிக்கொண்டாள். இதை ஏன் இந்த மனிதர் சொல்லித் தொலைக்கிறார் என்று நினைத்தாள்.

"அப்புறம் இன்னிக்கு மட்டும் என்ன?"

"நான் பொய் சொல்லமாட்டேன்னு ஜவ்தத் உங்ககிட்ட சொல்லியிருக்கான்" என்றார் மம்தூஹ். "அவன் சொன்னது பொய்யாயிடக் கூடாதில்ல?"

ஹாஜி ரிஃப்அத் கூண்டைப் பார்த்தார். பொன் குஞ்சங்களைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கோப்பையை எடுத்து, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். கேட்டு வந்ததற்கு யாரும் சரி சொல்லவில்லை. அவராகவே எடுத்துக் குடித்துவிட்டார். நவால் அவசரமாக முன்னால் வந்தாள்.

"சூடா வேற ஊத்தட்டுமா ஹாஜி?"

"போதும்மா" என்று கோப்பையை இரண்டு தரம் ஆட்டிக் கொடுத்தார். படியிறங்கும்போது நின்று, "வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்கு அப்புறம். நேரத்துக்கு வாங்க" என்றார். இன்னும் இரண்டு படி இறங்கி மறுபடி நின்றார். "அந்தத் திரை எந்த மண்டபத்துது?"

காபிக்கடையில் அந்த வாரம் முழுக்க மம்தூஹைக் கிண்டல் செய்து தீர்த்தார்கள். "யா ஹாஜி மம்தூஹ், எங்களுக்காக துஆ செய்யுங்க" என்று கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார்கள். மணி கேட்டு, சொன்னதும், "உண்மையாத்தான் இருக்கும்பா" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தான் ஒருவன். ஜவ்தத் மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஹாஜி வந்துபோன மறுநாள் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து, "டேய், அந்தச் சாம்பல் எப்படிடா இருந்துச்சு கையில?" என்று மட்டும் கீழிருந்து கேட்டார்.

"வெண்ணெய் மாதிரி இருந்துச்சுடா" என்றார் மம்தூஹ்.

"ம்" என்றார் ஜவ்தத். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மம்தூஹ் கோட்டுப் போட்டுக்கொண்டு, அஸருக்குப் பிறகு புறாக்களைப் பறக்கவிட்டுவிட்டுத்தான் எதிர்வீட்டுக்குப் போனார். பறக்கவேண்டிய நேரத்தில் பறக்காவிட்டால் அவை இரவெல்லாம் சண்டை போடும். அரைமணி நேரத்தில் பத்திரம் எழுதி முடிந்துவிடும், திரும்பி வந்து இறக்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. ஆனால் கல்யாணத்தைப் பதிவு செய்கிறவர் இன்னொரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். ஆண்கள் கூடத்தில், பெண்கள் பக்கத்து அறையில். நடுவில் கதவு திறந்திருந்தது. நவால் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். லுஜைன் அவளுடைய விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பதிவு செய்கிறவர் பெயர்களைப் படித்தார். சம்மதம் கேட்டார். மாப்பிள்ளை குதைபா கேட்டு முடிப்பதற்குள்ளேயே சம்மதம் என்றான், எல்லோரும் புன்னகைத்தார்கள். ஹாஜி ரிஃப்அத் தம் பேனாவைப் பையிலிருந்து எடுத்து மூடியைக் கழற்றி மம்தூஹிடம் நீட்டினார். மம்தூஹ் பத்திரத்தின் மேல் குனிந்தார்.

அப்போதுதான் திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே இறக்கைச் சத்தம் கேட்டது. மம்தூஹின் கூட்டம் தாழப் பறந்து தெருவைக் கடந்தது. எஜமான் இல்லாத கூட்டம் என்பது அது பறந்த விதத்திலேயே தெரிந்தது. அடுத்த கணம் மூன்று வீடு தள்ளியிருந்த மாடியிலிருந்து விசில், ஒரு நீளம், இரண்டு குட்டை. அபூ ஸக்ர் தம் பெண்புறாவைக் கையில் தூக்கி இறக்கையை அடிக்கவிட்டுக் கூப்பிடுகிற விசில். எதையோ கீழே இழுக்கிறார். நவாலுக்கே அது புரிந்தது. கூடத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பேனாவைக் கொடுத்த ஹாஜியும் பார்த்தார்.

"டேய்" என்று ஜவ்தத் பாதி எழுந்துவிட்டார். "டேய், கழுத்துச் செவலைடா! இறங்குதுடா! மேல பாரு!"

மம்தூஹ் பார்க்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே, ஒரு எழுத்துக்குப் பின் ஒரு எழுத்தாகத் தம் பெயரையும் தம் தகப்பன் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தார். இடது கையை மட்டும் பக்கத்தில் நீட்டி, ஜவ்தத்தின் முழங்காலைத் தேடிப் பிடித்து, அமுக்கி உட்காரவைத்தார்.